தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களின் மாஸ்டர் பிளானைப் புதுப்பிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மனை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கா?" என்பதைத்தான். நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) தரும் அந்த அப்ரூவலுக்குப் பின்னால் ஊருக்கென்று ஒரு முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், இருக்கிறதா, அது எந்த ஆண்டில் போட்டது என்று கேட்பவர்கள் குறைவு. எந்தப் புல எண் குடியிருப்பு, எது விவசாயம், எங்கே ஆலை வரலாம், எந்த வழியாக வெளிவட்டச் சாலை போகும் என்று சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம் அது. பணத்தைக் கட்டிவிட்டுக் கட்டட அனுமதிக்குப் போய், "இந்த இடம் விவசாய உபயோகத்தில் இருக்கு" என்ற பதிலோடு திரும்பும்போதுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவருகிறது.

அந்தத் திட்டத்தைப் புதுப்பிக்கும் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதில் யார் எந்த இடத்தில் கை வைக்க முடியும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நகராட்சி அலுவலர்கள், கவுன்சிலர்கள், நகரை ஒட்டிய ஊராட்சிகளின் தலைவர்கள், குடியிருப்போர் சங்கத்தினர், நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் எல்லோருக்கும் இது பயன்படும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய திட்டம் ஏன் நிறைவேறவில்லை என்று பார்க்காமலும், தரையில் இறங்கி ஓடையையும் ஏரியையும் சரிபார்க்காமலும் போடுகிற புதிய திட்டம், கலர் அடித்த வரைபடமாக அலுவலகச் சுவரில் தொங்கும். அதற்கு மேல் எதற்கும் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் 17-வது பிரிவு முழுமைத் திட்டத்தில் என்னென்ன இருக்கலாம் என்று சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறு ஆய்வு செய்து தேவையான திருத்தங்களைச் செய்ய 32-வது பிரிவு இடம் தருகிறது. இதில் திட்டக் குழுமம், அதாவது திட்டத்தைப் போடும் அமைப்பு, 'செய்யலாம்' என்றுதான் இருக்கிறது. அரசு உத்தரவிட்டால் மட்டுமே 'செய்தாக வேண்டும்'. பல ஊர்களில் பழைய திட்டமே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்த 'லாம்' ஒரு முக்கியக் காரணம். ஆகவே மன்றக் கூட்டத்தில் 32-வது பிரிவைக் குறிப்பிட்டு, மறு ஆய்வு தேவை என்று தீர்மானம் போட்டு, அதை நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு அனுப்புவதுதான் முதல் அசைவு. கவுன்சிலர்கள் கையில் இருக்கும் எளிய ஆயுதமும் அதுதான்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி உடனே வரும். ஒன்றிய அரசின் அம்ருத் 2.0 திட்டத்தில், 50,000 முதல் 99,999 வரை மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு ஜி.ஐ.எஸ். எனும் கணினி வரைபட முறையின் அடிப்படையில் முழுமைத் திட்டம் தயாரிக்கத் தனி உட்பிரிவு உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி நகராட்சியின் மக்கள்தொகை 68,619, கிருஷ்ணகிரியின் மக்கள்தொகை 71,323. இரண்டுமே அந்த வரம்புக்குள் வருகின்றன. 2019-இல் மாநகராட்சியான ஓசூரின் கதை வேறு. அங்கே புதுநகர் வளர்ச்சிக் குழுமம் என்ற அமைப்பின் கீழ் வேலை நடந்துவந்திருக்கிறது.

படி 1: எல்லையைச் சரியாகப் போடுங்கள்

நகராட்சி எல்லை வேறு, திட்டப் பகுதியின் எல்லை வேறு. நகராட்சி எல்லையோடு நின்றுவிட்டால் திட்டம் பிறக்கும்போதே செத்த மாதிரிதான். தருமபுரியில் வீடுகள் பெருகுவது நகராட்சி வார்டுகளைவிட இலக்கியம்பட்டி போன்ற பக்கத்து ஊராட்சிகளில்தான். கிருஷ்ணகிரியிலும் பெங்களூரு, சேலம், சென்னை, திண்டிவனம் என்று சாலைகள் பிரியும் ஒவ்வொரு திசையிலும் ஊர் கயிறு போல நீண்டுகொண்டிருக்கிறது.

உள்ளூர் திட்டப் பகுதிக்குள் எந்தெந்த வருவாய்க் கிராமங்களைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, கடந்த சில ஆண்டுகளில் மனைப்பிரிவு விண்ணப்பங்கள் எங்கிருந்து அதிகம் வந்திருக்கின்றன. இரண்டு, நகரத்துக்கு வேலைக்கும் பள்ளிக்கும் தினமும் வந்துபோகிறவர்கள் எந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள். டவுன் பஸ் வழித்தடங்களைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மூன்று, நகரத்துக்குள் வரும் மழைநீர் எந்தக் குன்றிலிருந்து புறப்பட்டு எந்த ஏரி வழியாக வருகிறது. மூன்றாவதைத்தான் எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.

எல்லையை விரிக்கும்போது ஊராட்சித் தலைவர்களிடம் பயம் இருக்கும். "எங்க ஊரையும் நகராட்சியில சேக்கப் போறீங்களா? நூறு நாள் வேலை போயிடுமே" என்று கேட்பார்கள். திட்டப் பகுதிக்குள் வருவது வேறு, நகராட்சியோடு இணைவது வேறு என்று கிராம சபையிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அதில் ஒன்றைப் பயன்படுத்தினால் போதும்.

படி 2: பழைய திட்டத்துக்குக் கணக்குப் பாருங்கள்

பழைய முழுமைத் திட்டத்தின் அறிக்கையும் வரைபடமும் வேண்டும். அலுவலகத்தில் நேராகக் கேட்டுக் கிடைக்காவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அரசாணை எண், அரசிதழ் நாள், நிலப் பயன்பாட்டு வரைபடம், கிராம வாரியான புல எண் பட்டியல் ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். 'மாஸ்டர் பிளான் நகல் தேவை' என்று பொதுவாகக் கேட்டால் ஒரு படம் மட்டும் வரும், பட்டியல் வராது.

கையில் வந்ததும் ஒரு எளிய அட்டவணை போடுங்கள். திட்டத்தில் சொன்ன ஒவ்வொரு சாலை, பூங்கா, சந்தை, லாரி நிறுத்தம், கழிவுநீர் நிலையம் எல்லாவற்றுக்கும் ஒரு வரி. சொன்னது என்ன, இப்போது அந்த இடத்தில் இருப்பது என்ன, ஏன் அப்படி ஆனது என்று எழுதுங்கள். 'ஏன்' என்று எழுதும் அந்தக் கடைசிக் கட்டம்தான் பொக்கிஷம். 'நிலம் எடுக்கவில்லை', 'பணம் இல்லை', 'நீதிமன்ற வழக்கு', 'அதற்குள் வீடு கட்டிவிட்டார்கள்', 'யாருக்குமே தெரியாது' என்று ஐந்தாறு காரணங்களில் எல்லாம் அடங்கிவிடும். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், புதிய திட்டத்தில் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

இதே வேளையில், விவசாயம் என்று குறித்த இடத்தில் எத்தனை நிலப் பயன்பாட்டு மாற்றங்களை அனுமதித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு கிராமத்தில் மட்டும் மாற்றங்கள் குவிந்திருந்தால், ஊர் எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று அது சொல்லிவிடும். அல்லது யார் எந்தப் பக்கம் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லும். இரண்டும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

படி 3: தரையில் இறங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

இப்போதுள்ள நிலப் பயன்பாட்டு வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தை வைத்தே தயாரித்துவிடும் பழக்கம் வந்துவிட்டது. கூரை எங்கே, வயல் எங்கே என்று படம் காட்டும். ஆனால் ராகி அறுத்த நிலத்தையும் மனை போடக் காய விட்ட நிலத்தையும் அது பிரித்துச் சொல்லாது. மாந்தோப்புக்குள் இருக்கும் மாங்கூழ் ஆலையின் கழிவுநீர் எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்று சொல்லாது. மாம்பழ சீசன் இரண்டு மூன்று மாதம் மட்டும் சாலையோரம் வரிசை கட்டும் லாரிகள், படம் எடுத்த நாளில் அங்கே இருந்திருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் நீர்வழி. நம் இரு மாவட்டங்களும் பாறை நிலம், சரிவு அதிகம். பெரிய ஆறு பாயும் சமவெளி மாதிரி இல்லை. மழை பெய்தால் சிறு சிறு ஓடைகள் வழியாக ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலி. ஆண்டில் பத்து மாதம் அந்த ஓடைகள் வறண்டு கிடப்பதால், 'இதுல எங்கங்க தண்ணி வரப்போவுது' என்று மண் கொட்டி மேடாக்கிவிடுகிறார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. பேருந்து நிலையத்தை ஒட்டி நின்றிருந்த வண்டிகளை வெள்ளம் புரட்டி இழுத்துக்கொண்டு போன காட்சியை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். பாதை எங்கே என்று தண்ணீருக்கு நினைவிருக்கிறது, நம் வரைபடத்துக்குத்தான் இல்லை.

ஓடையைச் சரிபார்ப்பது இப்படித்தான். முதலில் கிராம வரைபடத்தில் ஏரியைக் கண்டுபிடியுங்கள். அதற்குள் வரும் ஓடைக் கோட்டையும், உபரி நீர் வழியும் கலிங்கிலிருந்து வெளியே போகும் கோட்டையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு கடக்கும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எஃப்.எம்.பி. எனப்படும் புலப்பட நகலை எடுங்கள். அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கிறது. ஓடை சில இடங்களில் தனிப் புல எண்ணாகவே இருக்கும், கிராம நில விவரங்கள் இருக்கும் 'அ' பதிவேட்டில் 'ஓடை புறம்போக்கு' என்று எழுதியிருக்கும். வேறு சில இடங்களில் பட்டா நிலத்துக்குள்ளேயே இரட்டைக் கோடாக ஓடும். இந்த இரண்டாவது வகைதான் தொலைந்துபோகிறது. பட்டா தனியார் பெயரில் இருப்பதால், உட்பிரிவு செய்யும்போதும் மனை பிரிக்கும்போதும் அந்த இரட்டைக் கோட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் வி.ஏ.ஓ.வையும் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஏரியிலிருந்து மேல்நோக்கி நடந்துபோங்கள். கீழிருந்து மேலே போவதுதான் சரி. மேலிருந்து வந்தால் கிளை ஓடைகளில் குழம்பிவிடுவோம். ஒவ்வொரு குழாய்ப் பாலத்திலும் நின்று அதன் அகலத்தை டேப் வைத்து அளந்து, போனில் இடக்குறியோடு படம் எடுங்கள். புலப்படத்தில் ஓடை இருபது அடி, சாலைக்கு அடியில் போட்டிருக்கும் குழாய் மூன்றடி என்றால், அந்த இடத்துக்குச் சிவப்புப் புள்ளி. "தாத்தா, பெருமழை வந்தப்ப தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?" என்று கேளுங்கள். அவர் காட்டும் சுவரின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். எந்த மென்பொருளும் அந்த அளவைத் தராது.

தருமபுரியில் இராமாக்காள் ஏரி, சனத்குமார நதி, கிருஷ்ணகிரிப் பக்கம் தென்பெண்ணையில் கலக்கும் ஓடைகள் ஆகியவற்றுக்கு இப்படி ஒரு நீர்வழிப் படம் தனியாக இருக்க வேண்டும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எல்லை தெரியாத ஏரியை எந்தச் சட்டத்தாலும் காப்பாற்ற முடியாது.

நீர்வழி தவிர வேறு சிலவற்றையும் நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும். பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி மண்டிகளுக்கு விடிகாலையில் வரும் வண்டிகள் எங்கே நிற்கின்றன. கிரானைட் பட்டறைகளின் பால் நிறக் கழிவு எங்கே சேர்கிறது. வார இறுதியில் பெங்களூரிலிருந்து ஊர் திரும்பும் கூட்டம் தருமபுரி பேருந்து நிலையத்தில் எத்தனை மணிக்கு நெரிகிறது. இதோடு நடுகற்களையும் பெருங்கற்காலச் சின்னங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 காலத்தைச் சேர்ந்தது என்று 2022-இல் அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட மண்ணில் குவாரிக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம் ஒதுக்குமுன் தொல்லியல் துறையிடம் ஒரு வார்த்தை கேட்பது குறைந்தபட்ச மரியாதை.

படி 4: எத்தனை பேருக்காகத் திட்டமிடுகிறோம்

கையில் இருக்கும் கடைசி முழுக் கணக்கு 2011-ஐச் சேர்ந்தது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு மின் இணைப்புகள், ரேஷன் அட்டைகள், குடிநீர் இணைப்புகள், பள்ளிச் சேர்க்கை ஆகிய நான்கையும் வார்டு, ஊராட்சி வாரியாக எடுத்து ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் நம்பக்கூடிய ஒரு கணக்கு கிடைத்துவிடும்.

வளர்ச்சி விகிதத்தில் ஒரு சதவீதம் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். திட்டப் பகுதியில் இன்று ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால் இருபது ஆண்டில் சுமார் 1,48,600 பேர். 3 சதவீதம் என்றால் சுமார் 1,80,600. வித்தியாசம் 32,000 பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது ஒன்றிய அரசின் அளவுகோல். அந்த 32,000 பேருக்கு மட்டுமே தினமும் 43 லட்சம் லிட்டருக்கு மேல் தேவை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள மாவட்டங்கள் இவை. அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013-இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். போர் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற பதில் இங்கே எடுபடாது. ஆகவே குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் எங்கிருந்து என்று குடிநீர் வடிகால் வாரியத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தொழிற்சாலைகள் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றும். ஓசூர்ப் பக்கம் மின்னணு ஆலைகளும் போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டையில் மின் ஸ்கூட்டர் ஆலையும் வந்தபின் பஸ் பஸ்ஸாக வேலையாட்கள், குறிப்பாக இளம்பெண்கள், வருகிறார்கள். தருமபுரியை அடுத்த நல்லம்பள்ளிப் பக்கத்துச் சிப்காட் பூங்கா நிரம்பும்போது இங்கேயும் அதே நடக்கும். இவர்களுக்குச் சொந்த வீடு தேவைப்படாது. விடுதியும் வாடகை அறையும் தேவை. பழைய திட்டங்களில் இப்படி ஒரு வகையே கிடையாது.

படி 5: துறைகளிடம் கேட்பது

நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ரயில்வே, மின்வாரியம், வனத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சிப்காட், கனிமவளத் துறை எல்லோருக்கும் கடிதம் போகும். பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரே கூட்டமாகக் கூட்டி, வரைபடத்தை மேசையில் விரித்து, அவரவர் திட்டத்தை அவரவர் கையாலேயே வரையச் சொல்வதுதான் பலிக்கும் வழி. மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை, நெடுஞ்சாலை விரிவாக்கம், உயர் மின்கோபுர வழி எல்லாம் ஒரே தாளில் விழும்போதுதான் எது எதோடு மோதுகிறது என்று தெரியும்.

வனத்துறையோடு தனியாக உட்கார வேண்டும். கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ராகி அறுவடைக் காலத்தில் தளி, ஜவளகிரி வழியாகச் சானமாவு காடு வரை ஆண்டுதோறும் வந்துபோகின்றன. அந்த வழிகளில் மனைப்பிரிவை அனுமதித்தால் பிறகு யானை 'ஊருக்குள் புகுந்தது' என்றுதான் செய்தி வரும்.

படி 6: நிலத்துக்கு நிறம் கொடுப்பது

குடியிருப்பு, வணிகம், தொழில், பொது உபயோகம், விவசாயம், திறந்தவெளி என்று ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு வகைப்பாடு வரும் கட்டம் இது. கூச்சல் இங்கேதான் அதிகம், ஏனென்றால் ஒரு நிறம் மாறினால் சென்ட் விலை பல மடங்கு மாறும்.

என் அனுபவ அறிவில் மூன்று யோசனைகள். முதலாவது, விவசாயத்தை 'மிச்சம் மீதி' வகைப்பாடாக நடத்தாதீர்கள். ஏரிப் பாசன நிலம், மாந்தோப்பு, ஓசூர்ப் பக்கம் பூச்சாகுபடி ஆகியவற்றைப் பெயர் சொல்லி, காரணத்தோடு காப்பாற்ற வேண்டும். மற்ற மேட்டு நிலத்தில் ஊர் வளர இடம் விடலாம். இரண்டாவது, வீடும் சிறு கடையும் பட்டறையும் கலந்திருக்கும் தெருக்களைக் கலப்புக் குடியிருப்பு என்றே ஒப்புக்கொள்ளுங்கள். தாளில் தூய குடியிருப்பு என்று போட்டால் தினமும் விதிமீறல்தான். மூன்றாவது, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமில்லா மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அப்படி வரன்முறையான மனைப்பிரிவுகள் பலவற்றில் பூங்காவும் இல்லை, வடிகாலும் இல்லை. அவற்றைத் தனியாக அடையாளமிட்டு, அருகிலேயே பொது இடம் ஒதுக்காவிட்டால் அந்தப் பகுதிகள் கடைசிவரை அப்படியேதான் இருக்கும்.

திறந்தவெளிக்கு ஒரு கணக்கு: ஒருவருக்குப் பத்துச் சதுர மீட்டர் என்று எடுத்தால் 1,80,600 பேருக்குச் சுமார் 446 ஏக்கர் வேண்டும். மனைப்பிரிவுகளில் பொது ஒதுக்கீடாகக் கிடைக்கும் பத்துச் சதவீதத் துண்டுகள் இதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். ஏரிக்கரைகளையும் ஓடையோரங்களையும் பசுமை வழியாகக் குறித்துவிட்டால் வெள்ளத்துக்கும் வழி விட்ட மாதிரி ஆகும், நடைபயிற்சிக்கும் இடம் கிடைத்த மாதிரி ஆகும்.

கட்டடத்தின் உயரம், தளப்பரப்பு, பக்க இடைவெளி எல்லாம் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் மாநிலம் முழுக்கப் பொதுவாக இருக்கின்றன. அதை மறுபடி எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம்.

படி 7: சாலைக்கோடு போடுமுன் யோசியுங்கள்

வரைபடத்தில் நூறடிச் சாலை போடுவது சுலபம். ஆனால் சட்டத்தின் 38-வது பிரிவை மறக்கக் கூடாது. பொதுத் தேவைக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை, அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுக்குள் எடுக்க நடவடிக்கை இல்லையென்றால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். நிலத்துக்காரர் நீதிமன்றத்துக்குப் போய் ஆணை வாங்கிக்கொண்டு வருவார், அதோடு சாலையும் போகும். பழைய திட்டங்களின் சாலைகள் பல இப்படித்தான் பாதியில் அறுந்து கிடக்கின்றன. ஆகவே பத்துச் சாலைகளைக் கனவு காண்பதைவிட, மூன்று ஆண்டுக்குள் நிலமெடுக்கப் பணமும் ஆணையும் கிடைக்கக்கூடிய மூன்று சாலைகளைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றை மனைப்பிரிவு அனுமதி தரும்போது இணைப்புச் சாலைகளாகத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்க்கலாம். மெதுவான வழி, ஆனால் செலவு குறைவு.

படி 8: வரைவும் அந்த இரண்டு மாதமும்

வரைவு தயாரானதும் 24-வது பிரிவின்படி அரசின் இசைவு வாங்க வேண்டும். அதன்பின் 26-வது பிரிவின்படி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். ஆட்சேபனையும் ஆலோசனையும் எழுத்தில் கொடுக்க, அரசிதழ் அறிவிப்பு நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும்.

பொதுமக்களுக்குச் சட்டம் உறுதியாகத் தரும் வாசல் இது ஒன்றுதான். ஆனால் நாளிதழின் மூலையில் பொடி எழுத்தில் வந்த அறிவிப்பை யார் பார்க்கிறார்கள்? கிராம வாரியாக வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். புல எண் கண்ணுக்குத் தெரிகிற அளவு வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருப்பவர்கள் நிறைய; விளக்கக் கூட்டத்தில் அந்த மொழிகளிலும் சொல்ல ஒருவர் இருக்கட்டும். வாட்ஸாப் குழுவில் வரைபடத்தைப் போட்டால் புல எண் மங்கிவிடும், பட்டியலையும் சேர்த்துப் போடுங்கள்.

ஆட்சேபனை எழுதுவது ஒரு கலை. 'எங்கள் ஊருக்கு அநியாயம்' என்று இரண்டு பக்கம் எழுதினால் 'பரிசீலிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இந்த மாதிரி எழுதுங்கள்:

"ஐயா, வரைவு முழுமைத் திட்டத்தில் எங்கள் கிராமத்தின் புல எண் 145/2ஏ குடியிருப்புப் பகுதியாகக் காட்டப்பட்டுள்ளது. புலப்படத்தின்படி இந்நிலத்தின் வடபுறமாக ஓடை ஒன்று இரட்டைக் கோடாகச் சென்று புல எண் 151-இல் உள்ள ஏரியில் சேர்கிறது. வரைவில் இந்த ஓடை காட்டப்படவில்லை. ஓடையையும் அதன் இருபுறத்தையும் நீர்வழி மற்றும் திறந்தவெளியாக வகைப்படுத்தக் கோருகிறேன். புலப்பட நகல், 'அ' பதிவேட்டு நகல், புகைப்படங்கள் இணைத்துள்ளேன். என்னை நேரில் விசாரிக்கவும் வேண்டுகிறேன்."

புல எண், தவறு, திருத்தம், ஆதாரம், நேர்விசாரணைக் கோரிக்கை. இவ்வளவு போதும். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். நூறு பேர் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவதைவிடப் பத்துப் பேர் பத்துப் புல எண்ணுக்குத் தனித்தனியாகக் கொடுப்பது கனமானது.

அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. வந்த ஒவ்வொரு மனுவுக்கும் எண் கொடுத்து, ஏற்றதா இல்லையா, ஏன் என்று எழுதிய பட்டியலை வெளியிட்டுவிடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்துகிறதோ இல்லையோ, பின்னால் வரும் வழக்குகளில் பாதி அதனாலேயே குறையும்.

படி 9: ஒப்புதலும் அதற்குப் பிறகும்

திருத்திய திட்டம் அரசுக்குப் போய் 28-வது பிரிவில் ஒப்புதல் பெறும். ஒப்புதல் அறிவிப்பு 30-வது பிரிவின்படி அரசிதழில் வரும். வரைவுக்கும் இறுதிக்கும் இடையில் எந்தெந்தப் புல எண்கள் மாறின என்று ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டே ஆக வேண்டும். மாற்றங்கள் எப்போதும் ஆட்சேபனையால் மட்டுமே வருவதில்லை.

ஒப்புதல் வந்த அன்றே மூன்று வேலைகளைத் தொடங்குங்கள். சாலைக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கிய புல எண்களின் பட்டியலைச் சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு அனுப்புங்கள். வாங்குகிறவருக்கு முன்கூட்டியே தெரியட்டும். 38-வது பிரிவின் மூன்றாண்டுக் கெடுவை ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் எதிரே தேதியோடு எழுதி, பொறுப்பான அலுவலர் பதவியையும் குறித்துவிடுங்கள். நெருக்கமான பகுதிகளுக்கு, குறிப்பாகப் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் சந்தையைச் சுற்றியும், தெரு அளவில் விரிவு வளர்ச்சித் திட்டம் போட ஆரம்பியுங்கள்.

அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை, நகராட்சி வரவு செலவுத் திட்டக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, படி 2-இல் போட்ட அதே அட்டவணையைப் புதிய திட்டத்துக்கு நிரப்பி மன்றத்தில் வையுங்கள். எந்தச் சாலைக்கு நிலமெடுப்பு எந்தக் கட்டத்தில், எந்த ஓடையில் குழாய்ப் பாலம் அகலமானது, எத்தனை நிலப் பயன்பாட்டு மாற்றம் எந்தக் கிராமத்தில் என்பதற்கெல்லாம் இரண்டு பக்கம் போதும். ஐந்தாம் ஆண்டு மறு ஆய்வு வரும்போது அந்தப் பத்துப் பக்கமும் தயாராக இருக்கும். திட்டம் தயாரிக்க அமர்த்தும் கலந்தாலோசகர் வந்து முதல் நாள் கேட்கப்போவதும் அதைத்தான்.